ஆற்றுவாய்க்கு அந்தப் பக்கத்துக் கற்கள்

மட்டக்களப்புக்கு நான் தூக்கிக்கொண்டு போன பையில் என் துணிமணி கால் பங்குதான். மீதி முழுக்கத் தர்ஷினி கேட்டவை: மணப்பாறை முறுக்கு, நார்த்தங்காய் ஊறுகாய், வேப்பிலைக் கட்டி, பழைய பருத்திப் புடவைகளில் தைத்த குழந்தைத் துணிகள், எங்கள் விடுதிக்கு எதிர்க்கடையில் விற்கும் அதே பச்சை சோப்பு. தர்ஷினி திருச்சியில் என்னோடு பொறியியல் படித்தவள். ஒரே அறையில் இருந்தோம். இப்போது நாவற்குடாவில் மாமியாரோடு இருக்கிறாள். கணவர் சுதன் கத்தாரில். அவளுக்கு எட்டாம் மாதம். போன வருடம் ஒரு குழந்தை தங்காமல் போனது. "பிறந்தப்புறம் போய்ப் பாக்கலாமே" என்று அம்மா கேட்டபோது, பிறக்கும்வரைதான் அவளுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எனக்கென்று நான் கேட்டது ஒன்றுதான், கற்கள். கட்டடம் எழும்பப் போகும் இடத்தில் பூமியைத் துளைத்து எடுக்கும் பாறைத் துண்டுகளை நசுக்கிப் பார்த்து, எவ்வளவு சுமை தாங்கும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. ஆய்வுக்கூடத்தில் கல் என்றால் கைக்கு அடக்கமான உருளை. மட்டக்களப்புக்கு வடக்கே, கடலோரத்தில் ஒரு சின்னப் பூங்கா இருப்பதாகவும் உப்பும் காற்றும் அங்கே பாறைகளைத் தம் இஷ்டத்துக்குக் குடைந்து வைத்திருப்பதாகவும் தர்ஷினி படிக்கிற காலத்திலேயே சொல்வாள். போனில் நான் எழுதியிருந்த இடங்களில் அதுதான் முதலாவது.

போய் இறங்கிய அன்றே மழை. கல்லடிப் பாலத்தைத் தாண்டியதும் ஓட்டோ நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கித் தள்ள, நானும் இறங்கித் தள்ளினேன். சைக்கிளில் வந்த ஒருவர் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். "இந்தியாவோ?" என்றார் என் பேச்சைக் கேட்டு. ஆமாம் என்றேன். "அங்கேயும் ஓட்டோவைப் பயணிதான் தள்ளுறதோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் சிரித்தார். வண்டி கிளம்பிய பிறகு சைக்கிளோடு மழைக்குள் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

வீட்டில் பிட்டும் இறால் குழம்பும் காத்திருந்தன. நம் ஊர்ப் புட்டு உதிர்ந்து விழும். இது குழம்பை உறிஞ்சிக்கொண்டு கட்டியாக நிற்கும். தர்ஷினியின் மாமியார், எல்லோருக்கும் மாமி, என் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"என்னகா புள்ள, கடையையே காவி வந்திரிக்காய்."

"எல்லாம் இவ கேட்டது மாமி."

"இவள் கேப்பாள். போன கிழமை வானத்தையும் கேட்டவள்."

தர்ஷினி முறுக்கைக் கடித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருமை. அவள் எழும்போதும் உட்காரும்போதும் மாமி செய்கிற வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பதைக் கவனித்தேன். அந்த வீட்டில் எல்லோரும் எதையோ கேட்டுக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. சிறிது நேரத்தில் நானும் அப்படியே ஆகிவிட்டேன்.

மறுநாள் புளியந்தீவுக்குப் போனோம். போர்த்துக்கீசர் கட்டி ஒல்லாந்தர் பிடித்த கோட்டைக்குள் இன்று அரசு அலுவலகங்கள். பீரங்கி நின்ற மதிலுக்குக் கீழே ஒருவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் மதிலின் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்ததை அவர் சந்தேகமாகப் பார்த்தார். களப்பை, நம் ஊரில் காயல் என்போமே, அதைப் பார்க்கும் பக்கத்தில் தர்ஷினி திடீரென்று நின்று, என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஏதோ புரண்டு, என் உள்ளங்கையை ஒருமுறை தட்டியது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ விரலை மடக்கித் தட்டியதுபோல.

"காலையும் இரவும் இப்பிடித்தான். மாமிக்குப் பெருமை. பந்தடிக்காரன் எண்டு சொல்றா," என்றாள் தர்ஷினி.

அதன் பிறகு கட்டித் தயிரும் அதன் மேல் ஊற்றும் பாணி என்கிற பாகும் வாங்கித் தின்றோம். அந்தப் பயணத்தில் கவலையில்லாமல் நான் தின்றது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் காலையில் தர்ஷினி தானாகவே, "இண்டைக்குக் கல்லுக்குப் போவம்," என்றாள். மழை விட்டிருந்தது. சனிக்கிழமை போகலாம் என்றுதான் பேசி வைத்திருந்தோம். மாமி கூடாது என்றார். அவ்வளவு தூரம் ஓட்டோவில் குலுங்கக் கூடாது, காற்று, மழை, வழுக்கும். அவர் சொன்ன எல்லாமே நியாயமாக இருந்தன. நானும் மாமி பக்கம்தான் பேசினேன். தர்ஷினி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். கடைசியில் மாமி ஆளுக்கொரு குடையைக் கொடுத்து, "அங்க இங்க கிறுகாம நேரா வாங்க," என்றார். வழியெல்லாம் தர்ஷினி வயிற்றில் கையை வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வாந்தி வருகிறதோ என்று நினைத்துப் பை ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

ஓட்டோக்காரர் ரமீஸ், ஓட்டமாவடிக்காரர். தர்ஷினியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் அவர்தான். கிரான் என்ற ஊரைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் காட்டினார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர். அதில் நெற்பயிரின் நுனிகள் மட்டும் பச்சை மயிர்போல நின்றன.

"இது முழுக்க வட்டை, தங்கச்சி. வயல். இன்னும் ரெண்டு நாள் இப்பிடிக் கிடந்தா அழுகிப்போகும். ஆத்துவாய் வெட்டினாத்தான் தண்ணி வடியும்."

ஆற்றுவாய் என்றால் என்ன என்று போய்ச் சேர்ந்ததும் புரிந்தது. அங்கே ஒரு சின்னக் களப்பு. அதற்கும் கடலுக்கும் நடுவே அலைகள் குவித்த மணல்மேடு. கோடை முழுக்க அது மூடியே கிடக்கும். மாரியில் களப்பு நிரம்பி வயலுக்குள் ஏறும்போது, மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். கற்கள் இருப்பது மேட்டுக்கு அந்தப் பக்கம். மணல் மேல் நடந்துதான் போக வேண்டும்.

மேட்டின் நடுவே மண்வெட்டிகளோடு பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். களப்பிலிருந்து கடல்வரை ஒரு வாய்க்கால் வெட்டி, களப்புப் பக்கத்து முனையில் மட்டும் மணலை அணைபோல விட்டிருந்தார்கள். தலையில் பொலித்தீன் பையைக் கவிழ்த்திருந்த ஒருவர் எல்லோருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். வட்டவிதானை என்றார் ரமீஸ்; வயற்காரர்கள் தங்களுக்குள் தெரிவு செய்யும் தலைவர். கவிழ்த்த தோணி மேல் மீனவர் ஒருவர் உட்கார்ந்து பீடி பிடித்தார். அவர் பெயர் யோகன்.

"வெட்டுங்க, வெட்டுங்க. எங்கட இறால் எல்லாத்தையும் கடலுக்கு அனுப்புங்க," என்றார் யோகன்.

"உன்ட இறாலுக்கு நீந்தத் தெரியும். எங்கட நெல்லுக்குத் தெரியாதே," என்றார் வட்டவிதானை.

நாங்கள் போகலாமா என்று கேட்டேன். "போய்ட்டு வாங்க தங்கச்சி. பின்னேரம்தான் திறப்பம். திறக்க முன்ன ஆளைக் கூப்பிடுறது வழக்கம்," என்றார் வட்டவிதானை. அங்கே அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. மேட்டில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்தி, அந்தப் பக்கம் போனவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்களா என்று பார்த்த பிறகே அணையை உடைப்பார்கள். அன்று காவலுக்கு நின்றவர் பச்சை மழைச்சட்டை போட்டிருந்தார். மறுபடி தூறத் தொடங்கியிருந்ததால் குடையை விரித்திருந்த எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நான் வாய்க்காலைத் தாண்டினேன்; ஒரு எட்டு அகலம்கூட இல்லை. தர்ஷினியைக் கைபிடித்துத் தாண்ட வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது களப்பின் நீர்மட்டம் கடலைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கண்ணில் பட்டது. அந்த நினைப்பை அடக்கிக்கொண்டேன்.

பூங்கா என்பது ஒரு பெயர்ப்பலகை, இரண்டு சிமெந்து இருக்கைகள், பூட்டிய ஒரு சிறு அறை, அவ்வளவுதான். நாங்கள் போனபோது ஒரு ஆசிரியையும் அவர் மகளும் குடைகளை விரித்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன பிறகு எங்களைத் தவிர யாரும் இல்லை.

கற்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் பார்த்தது கொஞ்சம்தான். கீழே மெலிந்து மேலே விரிந்து காளான்போல நிற்கும் ஒன்று. இடியப்பத் தட்டுபோல முழுக்க ஓட்டையாக இருக்கும் ஒன்று. நடுவில் ஆள் நுழையும் அளவுக்குக் குடைந்து, கூரையை மட்டும் விட்டு வைத்த ஒன்று. அதற்குள் நின்றால் காற்று கிடையாது, அலையின் சத்தம் மட்டும் சுற்றிச் சுற்றி வரும். மாமல்லபுரத்தில் உளி செய்ததை இங்கே உப்பு செய்திருக்கிறது. உப்புநீர் கல்லின் நுண்துளைக்குள் போகும், காயும், படிகமாக வளரும், கல்லின் ஒரு துகளைத் தள்ளிவிடும். மறுபடி நனையும். அவசரமே இல்லாத வேலை. நான் தடவிப் பார்த்தபோது விரலில் கல் பொடியாக ஒட்டிக்கொண்டது. எடுத்துக் காட்டலாம் என்று திரும்பினேன்.

தர்ஷினி குடைந்த பாறைக்குள் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல. நோகல்ல. ஒண்டுமே இல்ல." பிறகு, "விடியக்காலையில இருந்து அசையல்லடி நிவே," என்றாள்.

"யார்கிட்ட சொன்ன?"

"ஒருத்தருக்கும் சொல்லல்ல."

"ஏன்டி?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும். போனா துடிப்புக் கேக்கிற மிஷினை வைப்பாங்க. போன முறையும் அப்பிடித்தான். வைச்சாங்க, ஒரு சத்தமும் வரல்ல. அந்த நேர்ஸ் மிஸ் மிஷினைத் தட்டிப் பார்த்தா. பழுது எண்டு நினைச்சு." அவள் பாறைச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கல்லைப் பார்த்துட்டுப் போவம் எண்டு நினைச்சன். அதுவரைக்கும் ஒண்டும் தெரியாதுதானே."

எனக்குக் கோபம் வந்தது. அதைக் காட்ட நேரமில்லை. என்னென்ன செய்யலாம் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடு. இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வை. கையை வைத்துப் பார். பையில் பழச்சாறு இருந்தது; குடித்தாள். தட்டையான இடத்தில் என் துப்பட்டாவை விரித்துப் படுக்க வைத்தேன். ஒரு கையை அவள் வயிற்றிலும் மற்றொன்றைத் தரையிலும் ஊன்றி உட்கார்ந்தேன். ஒவ்வொரு அலைக்கும் பாறை லேசாக அதிர்ந்தது. அது தரையில் ஊன்றிய கையில் தெரிந்தது. மற்றக் கையில் ஒன்றுமே தெரியவில்லை.

"எழுந்திரு. போகலாம்."

"இன்னும் கொஞ்சம் பாப்பம்."

"இல்ல. போறோம்."

அந்தக் குடைவில் இருந்த நேரத்தில்தான் வெளியே கூப்பிட்டிருக்கிறார்கள். எங்களுக்குக் கேட்கவில்லை. வானம் கறுத்து, களப்பு மணலணையை ஊறவைத்துத் தானாகவே உடைக்கப் பார்த்திருக்கிறது. கோணலாக உடைந்தால் தோணிகளையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால் பின்னேரம்வரை காத்திருக்காமல் திறந்துவிட்டார்கள். நாங்கள் மேட்டுக்கு வந்தபோது, காலையில் ஒரு எட்டில் தாண்டிய வாய்க்கால் ஒரு தெருவின் அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. பழுப்புத் தண்ணீர். இரண்டு கரையிலும் மணல் சுவர்போல நின்று, துண்டு துண்டாகச் சரிந்தது. ஓட ஓட வேகம் கூடும், வேகம் கூடக் கூட அகலும். இதைப் பாடமாகப் படித்திருக்கிறேன். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இப்போது ஈரத் துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் கரையில் நின்றேன்.

எதிர்க்கரையில் முதலில் எங்களைப் பார்த்தவர் ரமீஸ். அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு எல்லோரும் திரும்பினார்கள். வட்டவிதானை பச்சைச் சட்டைக்காரரிடம் கத்தியது தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் கேட்டது.

"எல்லாரும் வந்துட்டாங்க எண்டாய்?"

"ரெண்டு குடை போச்சு. ரெண்டு குடை வந்திச்சு."

"குடையை எண்ணச் சொன்னனா, ஆளை எண்ணச் சொன்னனா?"

ஆசிரியையும் மகளும் பச்சைச் சட்டைக்காரர் காவலுக்கு நிற்கும் முன்பே அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள். அவர் கண்ணெதிரே போனவர்கள் நாங்கள். திரும்பி வந்தவர்கள் அவர்கள். மழை நாளில் குடைக்குக் கீழே முகம் தெரியாது.

யோகன் அதற்குள் தோணியைப் புரட்டிவிட்டிருந்தார். ஆற்றுவாய்ப் பக்கம் காட்டி வேண்டாம் என்று கையசைத்து, களப்பின் உட்பக்கத்தைச் சுட்டினார். நானும் அதையேதான் கைகாட்டினேன். வாய்க்குக் கிட்டே இழுப்பு அதிகம். தள்ளிப்போகப் போகக் குறையும். நாங்கள் கரையோரமாக உள்ளே நடக்க வேண்டும், அவர் அங்கே வந்து ஏற்றிக்கொள்வார்.

அந்த நடை எவ்வளவு தூரம் என்று தெரியாது. கண்டல் மர வேர்கள் சேற்றிலிருந்து ஊசிபோல நீட்டிக்கொண்டிருந்தன. தர்ஷினியின் ஒரு செருப்பு சேற்றோடு போனது. மற்றதையும் கழற்றி எறிந்தாள். நான் முன்னே காலை வைத்து, உறுதியாக இருந்தால் அவளை வரச் சொன்னேன். இடையில் ஒருமுறை அவள் நின்றாள். அசைந்ததோ என்று நானும் நின்றேன். "இல்ல," என்று தலையாட்டிவிட்டு நடந்தாள். பிறகு அவள் எப்போது நின்றாலும் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தோணியில் யோகனோடு வட்டவிதானையும் இருந்தார், ஆளுக்கொரு கோல்.

"அண்ண, கெதியா ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றாள் தர்ஷினி.

யோகன் அவள் வயிற்றைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. தன் சட்டையைக் கழற்றித் தோணியின் அடியில் விரித்து, "இதுல இரிங்க புள்ள. ரெண்டு பக்கமும் பிடிங்க," என்றார். நான் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, தோள்களைப் பிடித்துக்கொண்டேன்.

தண்ணீர் எங்களைப் பக்கவாட்டில் இழுத்தது. தோணியின் மூக்கு கடல் பக்கம் திரும்பத் திரும்ப, இருவரும் குத்தி நிமிர்த்தினார்கள். வாய் இரைவது தூரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஆழமாக் குத்து. களை புடுங்குற மாதிரித் தடவாத," என்றார் யோகன்.

"நீ முன்னால பாரு."

"உன்னை ஏத்தினதே உன்ட பாரத்துக்குத்தான். இல்லாட்டித் தோணி பறந்துரும்."

வட்டவிதானை கோலை ஆழமாக ஊன்றினார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஏதோ தெய்வத்தைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் கேட்டது: "ஆளை எண்ணியிருக்கணும், ஆளை எண்ணியிருக்கணும்."

கரையில் ரமீஸ் ஓட்டோவைத் தண்ணீர்வரை இறக்கி வைத்திருந்தார். வேகமாகப் போனால் குலுங்கும், மெதுவாகப் போனால் நேரமாகும். அவர் பள்ளத்தில் ஊர்ந்து, தார்ச் சாலையில் பறந்தார். ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. தர்ஷினி என் கையைத் தன் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். வண்டியின் அதிர்வில் எதுவும் தெரிய வழியில்லை. மாமிக்குப் போன் செய்யவா என்றேன். "அங்க போய்ச் செய்வம்," என்றாள். சுதனுக்கு? அதற்கும் அதே பதில்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வரிசை இருந்தது. நான் வரிசையைத் தாண்டி நேராகப் போய், "எட்டாம் மாசம், காலையிலேர்ந்து குழந்தை அசையல, போன தடவை தவறிடுச்சு," என்று மூன்று விஷயத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன். என் பேச்சு அவர்களுக்கு வேற்றூர்ப் பேச்சு. ஆனாலும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. சேற்றுக் காலோடு தர்ஷினியைக் கட்டிலில் ஏற்றினார்கள். ஒரு தாதி பட்டியை வயிற்றில் சுற்றி, வட்டமான ஒன்றை அதில் செருகினார். தர்ஷினி கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் இரைச்சல் மட்டும் வந்தது. தாதி வட்டத்தை நகர்த்தினார். இரைச்சல். இன்னும் கீழே நகர்த்தினார். பிறகு அந்த இரைச்சலுக்குள்ளிருந்து வேகமாக, ஒழுங்காக, எங்களைப் பொருட்படுத்தாமல் அது கேட்டது. டொக், டொக், டொக். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தர்ஷினி கண்ணைத் திறக்கவில்லை.

"இதயம் நல்லா இரிக்கு. டொக்டர் வந்து பார்ப்பார்," என்ற தாதி அவளைக் கடிந்துகொண்டார். "அசையல்ல எண்டா உடன வரணும். காலையில இருந்து என்ன செய்தனீங்க?"

"கல்லுப் பாக்கப் போனோம்," என்றேன். தாதி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எழுத உட்கார்ந்தார்.

நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். டொக், டொக், டொக். தர்ஷினி மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

சத்தம் நின்றது.

அறையில் மின்விசிறி மட்டும் ஓடியது. தர்ஷினியின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. அவள் இயந்திரத்தைப் பார்க்கவில்லை, தாதியின் கையைத்தான் பார்த்தாள். அந்தக் கை அதைத் தட்டப் போகிறதா என்று. நானும் அதையேதான் பார்த்தேன்.

தாதி எழுதிய வரியை முடித்துவிட்டு எழுந்து வந்தார். இயந்திரத்தின் பக்கம் போகவில்லை. பட்டிக்குக் கீழே சரிந்து கிடந்த வட்டத்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

"உதைச்சுத் தள்ளிட்டாரு," என்றார்.

தர்ஷினி தன் விலாவைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

"நோகுதுடி," என்றாள்.